ஊர்க் காட்டுக்கும் மலைப் பாதைக்கும் நிதி வாங்குவது எப்படி? மதுரைப் பக்கத்து ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலையடிவாரத்தில் ஒரு கோயில்காடு, அதை ஒட்டி ஒரு கண்மாய், மேலே பாறையில் சமணர் படுக்கை. மதுரையைச் சுற்றி இப்படிப்பட்ட ஊர்கள் நிறைய. மேலூர், அழகர்கோவில், நாகமலை, வாடிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பார்க்கலாம். காட்டுக்கு வேலி வேண்டும், கன்று நடவேண்டும், ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போகாமல் ஒழுங்காக நடந்து பார்க்க ஒரு பாதை வேண்டும் என்று ஊரில் பேச்சு எழும். "பணத்துக்கு எங்கே போவது?" என்ற கேள்வியோடு அந்தப் பேச்சு நின்றுபோகும்.

எங்கள் ஊரிலும் அப்படித்தான் இருந்தது. அலைந்து திரிந்து நாங்கள் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பணம் பல இடங்களில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நிதிக்கும் அது போகக்கூடிய நிலம் எது, கூடாத நிலம் எது என்று ஒரு கணக்கு உண்டு. அது தெரியாமல் மனு எழுதினால் காகிதம் மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் மனுவை ஓரமாக வைத்துவிட்டு நிலத்திலிருந்து தொடங்குங்கள்.

1. நிலம் யார் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள்

முதலில் புல எண், அதாவது சர்வே நம்பர். அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ பதிவேட்டு (எந்தப் புல எண் யார் பேரில், என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு) விவரம் வரும். காசு கிடையாது. புல வரைபடத்தையும் அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். புல எண் தெரியாவிட்டால் விஏஓவிடம் போய் கிராம வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கூடவே ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துப் போவது நல்லது. வரைபடத்தில் இருக்கும் ஓடையைத் தரையில் அடையாளம் காட்ட அவரால்தான் முடியும்.

அ பதிவேட்டில் நீங்கள் பார்க்கவேண்டியது வகைப்பாடும் குறிப்புரையும். நாம் வாயால் 'மலை' என்று ஒரே பேராகச் சொல்வது அங்கே பல புல எண்களாகப் பிரிந்து கிடக்கும். எங்கள் அடிவாரத்தில் ஒரு எண்ணுக்கு நேரே 'பாறை' என்று இருந்தது. அடுத்த எண்ணில் 'கல்லாங்குத்து' (கல் நிறைந்த கரடு). அதை ஒட்டி 'மேய்க்கால்' (மேய்ச்சல் நிலம்). கோயிலைச் சுற்றிய துண்டு சாமி பேரில். கீழே 'கண்மாய்'. இவற்றுக்கு நடுவே ஒரு சின்ன உட்பிரிவு தனியார் பட்டா. கண்ணுக்கு எல்லாம் ஒரே காடு. அரசுக்கு அது ஐந்தாறு பேருடைய பொறுப்பு.

காப்புக்காடு என்று இருந்தால் அது முழுக்க வனத் துறையின் கையில். நீங்கள் உள்ளே ஒரு பலகை நடக்கூட முடியாது. காட்டு நிலத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்த 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வரை போகவேண்டியிருக்கும். காப்புக்காட்டின் விளிம்பில் ஊராட்சி நிலம் இருந்தால் உங்கள் திட்டத்தை அங்கே அமைத்துக்கொள்ளுங்கள். சாப்டூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அந்தக் காடு 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் வருகிறது.

கண்மாய் என்றால் ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் வயல் பரப்பு எவ்வளவு என்று கேளுங்கள். 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் பாசனம் செய்வது நீர்வளத் துறையின் பராமரிப்பு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பு. கரையில் மரம் நடவும் நடைபாதை போடவும் தடையில்லாச் சான்று யாரிடம் வாங்குவது என்பதை இந்த ஒரு எண் முடிவு செய்துவிடும்.

கோயில்காடு விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நிலம் சாமி பேரில் இருந்து, கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் அங்கே அனுமதி வாங்கவேண்டும். துறைக்கு வெளியே இருக்கும் காவல் தெய்வக் கோயில் என்றால் அம்பலங்கள், கரைகாரர்கள், பூசாரி, சாமியாடி எல்லோரும் ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியம் இன்னொன்று. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியை வழிபாட்டுத் தலத்துக்குள்ளோ சமய அமைப்புக்குச் சொந்தமான நிலத்திலோ செலவு செய்ய விதி இடம் கொடுப்பதில்லை. கோயில்காட்டுக்கு வேலி கேட்டு எம்பியிடம் மனு கொடுத்தால், அவர் மனது வைத்தாலும் கோப்பு திரும்பி வந்துவிடும்.

பாறை என்று வகைப்பாடு இருந்தால் குவாரிக் குத்தகை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மேலூர் பக்கம் இதை நான் விளக்கவேண்டியதில்லை. மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்துக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தரவேண்டும். அந்தப் பதில் பின்னால் எல்லா மனுவிலும் உதவும்.

மலையில் சமணர் படுக்கையோ கல்வெட்டோ குடைவரையோ இருந்தால் அது யார் பாதுகாப்பில் உள்ளது என்று பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதியோடுதான் கட்டலாம். நிழற்கூரையும் கழிவறையும் கட்டுமானம்தான். இடத்தை வரைபடத்தில் குறிக்கும்போதே இந்தத் தூரத்தை டேப்பால் அளந்துவிடுங்கள்.

இந்த வேலையெல்லாம் முடிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். ஆகட்டும். புல எண், பரப்பு, வகைப்பாடு, பொறுப்பாளர், தேவையான அனுமதி என்று ஒரே ஒரு தாளில் அட்டவணை போட்டு வைத்துக்கொண்டால் இனி நீங்கள் போகிற எந்த அலுவலகத்திலும் முதல் கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கும்.

2. கிராம சபைத் தீர்மானம்

ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் ஒன்றைக் குறிவைத்து முன்கூட்டியே தீர்மான வரைவை எழுத்தாகக் கொடுங்கள். கூட்டம் நடக்கும்போது எழுந்து பேசினால் 'பேசினார்கள்' என்றுதான் பதிவாகும்.

தீர்மானத்தில் புல எண், பரப்பு, என்ன வேலை, யார் பராமரிப்பார்கள் என்று நான்கும் இருக்கவேண்டும். "எங்கள் ஊரின் இயற்கை வளத்தைப் பாதுகாக்க இச்சபை தீர்மானிக்கிறது" என்று அழகாக எழுதிய தீர்மானத்தால் எந்த நிதியும் வராது. "புல எண் இன்னதில் இன்ன பரப்பில் உயிர்வேலி, மரக்கன்று நடவு, மண்பாதை அமைக்கவும், மூன்று ஆண்டு பராமரிப்பை ஊராட்சி ஏற்கவும்" என்று இருந்தால் அதிகாரிக்கு வேலை எளிது. கையெழுத்தும் முத்திரையும் உள்ள நகல் நான்கைந்தாவது அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மதுரை மாவட்டத்தில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. அப்படிப்பட்ட காலத்தில் தலைவர் கையெழுத்துக்குப் பதிலாக பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் கையெழுத்து வாங்கவேண்டும். ஒருவருக்குப் பல ஊராட்சிகள் இருக்கும் என்பதால் நாள் கூடும். அதைக் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆடு மேய்ப்பவர்களையும் விறகு பொறுக்கப் போகும் பெண்களையும் கேட்காமல் வேலி போடத் தீர்மானம் போடாதீர்கள். எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வந்து உட்கார்ந்து, மேய்ச்சலுக்கு எந்தப் பக்கம் திறந்திருக்கும் என்பது பேசி முடிவாகி, அது தீர்மானத்திலேயே எழுதப்படவேண்டும். இப்படிப் பேசாமல் போட்ட வேலி முதல் கோடையிலேயே பிரிக்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பிரித்தவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது.

3. பல்லுயிர் மேலாண்மைக் குழு: உங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கும்

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். ஊரில் உள்ள மரம், செடி, பறவை, விலங்குகளை எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் தயாரிக்கவேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதற்கு 2020 ஜனவரி வரை கெடு விதித்தது. அந்தக் கெடுவுக்காக நாடெங்கும் அவசர அவசரமாகக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அதனால் உங்கள் ஊராட்சியிலும் பெரும்பாலும் ஒரு குழு காகிதத்தில் இருக்கும். உறுப்பினர்களுக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

ஊராட்சிச் செயலரிடம் அந்தக் கோப்பைக் கேளுங்கள். குழு அமைத்த தீர்மானம், உறுப்பினர் பட்டியல், பதிவேடு மூன்றையும் பாருங்கள். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்கவேண்டும். காலாவதியாகியிருந்தால் கிராம சபையில் புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவேட்டில் பக்கத்து ஊரின் பட்டியல் அப்படியே இருந்தால் திருத்தி எழுதுங்கள். உங்கள் ஊரில் உசிலையும் ஆச்சாவும் வெப்பாலையும் எங்கே நிற்கின்றன, தேவாங்கை யார் கடைசியாகப் பார்த்தார்கள், எந்தப் பாறையில் கழுகு கூடு கட்டுகிறது, இதெல்லாம் ஊர் ஆட்களுக்குத் தெரியும். கல்லூரித் தாவரவியல் துறை மாணவர்களை வரவழைத்தால் பெயர்களைச் சரிபார்த்துத் தருவார்கள்.

இந்தப் பதிவேடு எதற்கு என்று கேட்கலாம். அரிட்டாபட்டியைப் பாருங்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. சுமார் 250 வகைப் பறவைகள், எறும்புத்தின்னி, தேவாங்கு, 72 நீர்நிலைகள் என்று எண்ணிக்கையோடு எழுத்தில் இருந்தது. அந்தப் பகுதிக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மேலூர் மக்களின் போராட்டத்துக்கு அந்த எழுத்து பெரிய பலம். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. பக்கத்து திண்டுக்கல் மாவட்டத்தில் காசம்பட்டி வீரக்கோயில்காடு 4.97 ஹெக்டேர்தான். அதுவும் 2025-இல் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சின்னக் காடு என்று தயங்கவேண்டாம்.

அறிவிப்புக்கு வழி இதுதான்: குழுவின் தீர்மானம், கிராம சபைத் தீர்மானம், பதிவேடு, புல வரைபடம் நான்கையும் சேர்த்து மாவட்ட வன அலுவலர் வழியாகத் தமிழ்நாடு பல்லுயிர் வாரியத்துக்கு அனுப்பவேண்டும். வருடக்கணக்கில் ஆகலாம். அறிவிப்பு வரும்வரை மற்ற வேலைகளை நிறுத்திவைக்காதீர்கள்.

4. அறக்கட்டளை, சங்கம் பதிவது பற்றி

"முதலில் ஒரு டிரஸ்ட் பதிவு பண்ணுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். அவசரப்படவேண்டாம். அரசுப் பணம் ஊராட்சி வழியாகவோ வனத் துறை வழியாகவோதான் செலவாகும். அதற்கு உங்களுக்கு டிரஸ்ட் தேவையில்லை.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம் (லாபத்தில் ஒரு பங்கைச் சமூக வேலைக்குச் செலவிடச் சட்டம் சொல்லும் பணம்) வேண்டுமென்றால்தான் பதிவு தேவை. அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. கம்பெனி தானே தொடங்காத ஓர் அமைப்புக்கு சிஎஸ்ஆர் பணம் கொடுக்க, அந்த அமைப்பு அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் காட்டவேண்டும். வருமான வரித் துறையில் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவத்தின் எண்ணும் வேண்டும். ஆக இந்த வருடம் பதிவு செய்த டிரஸ்டுக்கு இந்த வருடம் சிஎஸ்ஆர் வராது. மதுரையில் கண்மாய் வேலையும் கிராம வேலையும் பல்லாண்டுகளாகச் செய்துவரும் தொண்டு நிறுவனங்கள் உண்டு. தானம் அறக்கட்டளை கண்மாய்ப் பாசனக்காரர்களை வயலகங்களாகச் சேர்த்து 1990-களிலிருந்து வேலை செய்கிறது. அப்படி ஓர் அமைப்போடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போனால் மூன்று வருடக் காத்திருப்பு மிச்சம்.

நாமே பதிவு செய்யத்தான் வேண்டும் என்றால், சங்கத்துக்குக் குறைந்தது ஏழு பேர், மாவட்டப் பதிவாளர் அலுவலகம். அறக்கட்டளைக்குச் சார்பதிவாளர் அலுவலகம். அப்புறம் பான் அட்டை, வங்கிக் கணக்கு, 12ஏ, 80ஜி, தொண்டு நிறுவனங்களுக்கு நிதி ஆயோக் தரும் தர்பண் எண். கடைசி மூன்றுக்கும் அரசுக் கட்டணம் இல்லை. செலவு என்பது ஆடிட்டர் கூலியும் டிஜிட்டல் கையெழுத்துக்கான சில ஆயிரங்களும்தான். தர்பண் எண் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர்கள் பணம் அனுப்புவதிலும் எச்சரிக்கை தேவை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. பெரியப்பா மகன்தானே என்று கணக்கில் ஏற்றிவிட்டால் சங்கத்துக்கே ஆபத்து.

5. எந்த வேலைக்கு எந்தப் பணம்

ஒரே இடத்தில் மொத்தத்தையும் கேட்காதீர்கள். வேலையைத் துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் கேளுங்கள்.

கன்றுகள். பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் கீழ் வனத் துறை நாற்றங்காலில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் மழைக்காலம் தொடங்கியபின் போனால் மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும். ஏப்ரல், மே மாதத்திலேயே வனச்சரகரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். இலுப்பை, மருதம், நாவல், உசிலை, வாகை, ஆச்சா, மாவிலங்கம் என்று பேர் சொல்லிக் கேளுங்கள். சும்மா '500 கன்று' என்று எழுதினால் எது கையில் இருக்கிறதோ அது வண்டியில் ஏறும். பாறை நிலத்திலும் முள்காட்டிலும் குழி தோண்டி மரம் நடவேண்டாம். அது அப்படியே இருப்பதுதான் அந்த இடத்துக் காடு. கௌதாரிக்கும் முயலுக்கும் வீடு அதுதான்.

குழி வெட்டுதல், கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் சீராக்குதல், அகழி. இதற்கு நாம் நூறு நாள் வேலை என்று சொல்லும் ஊரக வேலைத் திட்டம். விதிமுறை மாறிக்கொண்டிருக்கிறது என்பதால் அந்த வருடத்தில் அனுமதிக்கும் வேலைப் பட்டியலை ஒன்றிய அலுவலகத்தில் வாங்கிப் பார்த்துக்கொண்டு, கிராம சபையில் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். பட்டியலில் ஏறாத வேலை நடக்காது.

வேலி, பாதை, நிழற்கூரை, குடிநீர். இதற்கு ஏற்றது நமக்கு நாமே திட்டம். மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். 6 லட்சம் மதிப்பீடு என்றால் ஊர் 2 லட்சம் திரட்டவேண்டும். நன்கொடையாளர் ஒருவரோ பழைய மாணவர்களோ கம்பெனியோ அந்தப் பங்கைக் கொடுக்கலாம். ஊர்ப் பங்கு கையில் வந்தபின் மனு கொடுங்கள். 'திரட்டிவிடுவோம்' என்று சொல்லிக் கொடுத்த மனு நகராது. எம்எல்ஏ தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்பி நிதி 5 கோடி. இரண்டிலும் நிலையான சொத்து உருவாக்கத்தான் பணம். காவலாள் சம்பளம், தண்ணீர் ஊற்றும் கூலி எல்லாம் வராது.

வனமும் பொழுதுபோக்கும் சேர்ந்த இடம். அரசின் மரகதப் பூஞ்சோலைத் திட்டத்தில் ஊருக்கு ஒரு ஹெக்டேர் அளவில் 100 ஊர்களுக்கு 25 கோடி ஒதுக்கினார்கள். நாட்டு மரங்கள், நடைபாதை, உட்கார இடம் என்று நாம் கேட்பது பெரும்பாலும் அதில் அடங்கும். ஏற்கெனவே அமைத்திருக்கும் பூஞ்சோலை ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த கட்ட அறிவிப்பு வரும்போது கையில் தயாராக ஒரு ஹெக்டேர் புறம்போக்கு நிலத்தின் ஆவணமும் தீர்மானமும் இருந்தால் நீங்கள் முன்வரிசையில் நிற்பீர்கள்.

பராமரிப்பு. இதுதான் யாரும் கொடுக்க விரும்பாத பணம், இதுதான் மிகவும் தேவையான பணம். சிஎஸ்ஆரில் 'தொடர் திட்டம்' என்று ஒரு வகை உண்டு. தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டு வரை ஒரே திட்டமாக நடத்தலாம். கம்பெனியிடம் போகும்போது கன்றும் பலகையும் கேட்காதீர்கள், அதை எல்லோரும் கொடுப்பார்கள். மூன்று கோடைக்குத் தண்ணீரும் ஒரு காவலாளும் கேளுங்கள். நிகர லாபம் 5 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ தொட்ட கம்பெனிகள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவிடவேண்டும் என்பது சட்டம். சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. 5 கோடி லாபம் காட்டும் கம்பெனிகள் மதுரையைச் சுற்றியே இருக்கின்றன. சென்னைக்கு ஓடவேண்டியதில்லை. சிஎஸ்ஆர் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள் என்று வரும் தரகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சின்னத் தொகைக்கு ஒன்று. பசுமை முதன்மையாளர் விருது என்று அரசு ஆண்டுதோறும் தனிநபர், அமைப்புகளுக்குத் தலா ஒரு லட்சம் தருகிறது. இரண்டு வருடம் வேலை செய்து படங்களோடு காட்டினால் நம்பிக்கையோடு விண்ணப்பிக்கலாம்.

6. மதிப்பீடு

எஸ்டிமேட் ஒன்றிய ஓவர்சியர்தான் போடுவார். அவர் வருவதற்கு முன் நீங்கள் ஒன்று எழுதி வைத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் பேவர் பிளாக் பாதையும் சிமென்ட் வளைவும்தான் வரும், ஏனென்றால் அவர் கைவசம் உள்ள விலைப்பட்டியலில் அதுதான் உடனே கிடைக்கும். மலையடிவாரத்தில் சிமென்ட் பாதை போட்டால் மழைத் தண்ணீர் பாதை வழியாகவே ஓடி இரு பக்கமும் மண்ணை அரித்துக்கொண்டு கண்மாய்க்குப் போகும். கிராவல் போட்டு இறுக்கிய மண்பாதை, சரிவில் மட்டும் அந்த ஊர்க் கல்லில் படி, இது போதும். கம்பி வேலிக்குப் பதிலாகக் கிளுவைப் போத்து ஊன்றி உயிர்வேலி போட்டால் செலவும் குறைவு, ஆட்டுக்கும் அசையாது. கம்பிவேலி வேண்டியது நுழைவிடத்தில் மட்டும்.

எழுதும்போது விட்டுப்போகிறவை: கழிவறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், குப்பையை யார் எடுத்துப்போவார்கள், ஜிஎஸ்டி, கோடையில் தண்ணீர் டேங்கர் வாடகை, செத்த கன்றுக்குப் பதில் கன்று. இவற்றை முதலிலேயே வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

சீமைக் கருவேலத்தை அகற்றுவது எஸ்டிமேட்டில் இருந்தால் நீங்களாக ஜேசிபி வைத்து அள்ளக்கூடாது. புறம்போக்கில் நிற்கும் மரத்துக்கு வனத் துறை மதிப்புப் போட்டு ஏலம் விடவேண்டும். வேறு எந்த மரத்தை வெட்டுவதானாலும் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

7. மனுவும் தொடர்ச்சியும்

மனு ஒரு பக்கம். பின்னால் இணைப்புகள்: நில அட்டவணை, அ பதிவேடு, புல வரைபடம், கிராம சபைத் தீர்மானம், பல்லுயிர்க் குழுத் தீர்மானம், தடையில்லாச் சான்றுகள், மதிப்பீடு, இடம் நாள் பதிந்த படங்கள். இதை இந்த வரிசையிலேயே கோத்து, மேலே பக்க எண் போட்டுக் கொடுங்கள்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் பிறகு எங்கே நிற்கிறது என்று கேட்கமுடியும். ஆட்சியரிடம் கொடுத்த அதே வாரத்தில் பிடிஓவையும் வனச்சரகரையும் நேரில் பார்த்து நகல் கொடுத்துவிடுங்கள். மேலிருந்து கடிதம் வரும்போது அவர்களுக்கு விஷயம் புதிதாக இருக்கக்கூடாது. எங்கள் கோப்பு ஓர் அலுவலகத்தில் பல மாதம் கிடந்தது. தடையில்லாச் சான்றில் புல எண்ணின் உட்பிரிவு விட்டுப்போயிருந்தது, அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. எழுத்தில் 'குறை என்ன' என்று கேட்டு மனு போட்டபிறகுதான் தெரிந்தது. மாதம் ஒருமுறை எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டதற்குச் சாட்சி இல்லை.

நிதியாண்டு மார்ச்சில் முடியும். பிப்ரவரியில் மீதப் பணத்தைச் செலவழிக்க அலுவலகங்கள் வேலை தேடும். எல்லா அனுமதியும் முடிந்த கோப்பு அப்போது கையில் இருந்தால் சில நேரம் அதற்கு யோகம் அடிக்கும். கம்பெனிகள் அடுத்த ஆண்டு சிஎஸ்ஆர் திட்டத்தை ஏப்ரலை ஒட்டி முடிவு செய்யும். அவர்களைத் தை, மாசியிலேயே பாருங்கள். நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில். குழி ஆவணிக்குள் தயாராகி, புரட்டாசி, ஐப்பசி மழையில் கன்று மண்ணுக்குள் போயிருக்கவேண்டும். மார்ச்சில் பணம் வந்தது என்று சித்திரை வெயிலில் நடாதீர்கள். அப்போது பாதை, வேலி வேலையை எடுத்துக்கொண்டு நடவை மழைக்குத் தள்ளி வையுங்கள்.

8. பாதை மலைக்குள் போகிறதென்றால்

காப்புக்காட்டுக்குள் ஆட்களை நடத்திக்கொண்டு போவதற்கு ஊராட்சி அனுமதி போதாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை வனத் துறையே இணையப் பதிவோடு திறந்தது. உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் பாதையும் அதில் சேரவேண்டும் என்றால் மாவட்ட வன அலுவலரிடம் கேளுங்கள். அதுவரை நடை ஊராட்சி எல்லைக்குள் இருக்கட்டும். கண்மாய்க் கரையில் காலையில் பறவை பார்க்கும் ஒரு மணி நேர நடைக்கே ஆட்கள் வருவார்கள். கோடையில், காற்று அடிக்கும் மாதங்களில் அடிவாரத்தில் அடுப்பு மூட்ட விடாதீர்கள். கிடா வெட்டுப் பொங்கலுக்குக் காட்டுக்கு வெளியே ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள், அதையும் பூசாரியோடு பேசி முடிவு செய்யுங்கள்.

9. பணம் வந்த பிறகு

தனி வங்கிக் கணக்கு. ஒரு திட்டத்துக்கு ஒரு கணக்கு. கூலிக்கு மஸ்டர் ரோல் (வேலையாள் வருகைப் பதிவு), பொருளுக்கு ஜிஎஸ்டி பில். ஒவ்வொரு கட்டத்திலும் முன், நடு, பின் என்று ஒரே இடத்தில் நின்று மூன்று படம். வேலை முடிந்ததும், பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று. இது ஒழுங்காகப் போகாவிட்டால் இரண்டாம் தவணை வராது, அடுத்த வருடம் அந்த அலுவலகத்தில் உங்கள் ஊர் பேரும் எடுபடாது.

கன்று கணக்கை மறைக்காதீர்கள். மதுரை வெயிலில் ஒரு பகுதி கருகத்தான் செய்யும். எத்தனை நட்டோம், சித்திரைக்குப் பிறகு எத்தனை நிற்கிறது என்று வரிசை வரிசையாக எண்ணி எழுதிக் கொடுங்கள். எங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் மறுநடவுக்கு ஒத்துக்கொண்டார்கள். தண்ணீர் ஊற்றுகிறவருக்கு மாதச் சம்பளம் பேசுங்கள், அதுவும் அந்தக் காட்டு ஓரத்திலேயே ஆடு மேய்க்கும் குடும்பத்தில் ஒருவராக இருந்தால் நல்லது. வேலி பிரிந்தால் முதலில் கவனிப்பவர் அவர்தான். சம்பளம் வங்கி வழியாகவே போகட்டும்.

எல்லா ஆவணத்துக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்றை ஊரில் ஒரு வீட்டிலும் வையுங்கள். விஏஓ மாறுவார், பிடிஓ மாறுவார், வனச்சரகர் மாறுவார். புதிதாக வருகிறவரிடம் முதல் வாரத்திலேயே கோப்பைக் கொண்டுபோய்க் காட்டி, காட்டையும் ஒருமுறை நடந்து பார்க்கக் கூப்பிடுங்கள்.